மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்கள்: முடங்கிய வாலட் கணக்கை மீட்பது எப்படி?

கேள்வி: கோவில்பட்டியில் வீட்டிலிருந்தே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்பதால், 2021-ஆம் ஆண்டிலிருந்து பணம் முழுவதையும் கைப்பேசி வாலட் கணக்கு ஒன்றில்தான் வாங்கி வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் 'கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்கவும்' என்று இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. மோசடியாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். போன வாரம் கணக்கு முடங்கிவிட்டது. உள்ளே 41,600 ரூபாய் இருக்கிறது. ஆதாரையும் பானையும் பதிவேற்றினால் 'பெயர் பொருந்தவில்லை' என்று வருகிறது. வீடியோ சரிபார்ப்பும் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்தும், பானில் அப்பாவின் முழுப்பெயரும், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருக்கின்றன. இணையத்தில் தேடி எடுத்த உதவி எண்ணில் பேசியவர், 3,000 ரூபாய் அனுப்பினால் ஒரே நாளில் திறந்து தருவதாகச் சொல்கிறார். என் பணம் போய்விடுமா? இப்படி நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? இனி கணவர் பெயரில் கணக்குத் தொடங்கி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். மற்றவற்றைச் சொல்வதற்கு முன், 3,000 ரூபாய் கேட்கும் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்; அவர் அனுப்பும் எந்தக் கோப்பையும் கைப்பேசியில் நிறுவாதீர்கள்; ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள். எந்த வாலட் நிறுவனமும் அடையாளச் சரிபார்ப்புக்காகத் தனிநபரின் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. கணக்கு முடங்கியவர்கள் பதற்றத்தில் இணையத்தில் உதவி எண் தேடுவார்கள் என்று தெரிந்தே, போலி எண்களைப் பரப்பி வைத்துக் காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. ஏற்கெனவே ஆதார் படத்தையோ ஓடிபியையோ அவரிடம் கொடுத்திருந்தால், இன்றே இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். நிறுவனத்தோடு பேச வேண்டியதை எல்லாம் அந்தச் செயலியின் உள்ளே இருக்கும் உதவிப் பகுதி வழியாகவும், அதில் குறிப்பிட்டிருக்கும் மின்னஞ்சல் வழியாகவும் மட்டுமே பேசுங்கள்.

உங்கள் பணம் போய்விடாது. வங்கியல்லாத நிறுவனம் நடத்தும் வாலட்டாக இருந்தால், வாடிக்கையாளர்களின் இருப்புத் தொகையை அந்த நிறுவனம் ஒரு வணிக வங்கியில் எஸ்க்ரோ எனப்படும் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எடுத்துத் தன் செலவுகளுக்குப் பயன்படுத்த நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே இன்று நின்றிருப்பது, பணத்தை எடுக்கும் வழி மட்டுமே. இருந்தாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கியில் போடும் வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அத்தகைய வாலட்டில் கிடக்கும் தொகைக்கு அந்தக் காப்பீடு கிடையாது. இந்தச் சிக்கல் தீர்ந்தபின், வரும் பணத்தை வாரக்கணக்கில் வாலட்டிலேயே தேக்கி வைக்காமல் அவ்வப்போது வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்ற உங்கள் கேள்விக்கு, உண்டு, ஆனால் கட்டுப்பாடற்ற உரிமை இல்லை என்பதே சரியான பதில். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டு 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படியும், கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கான ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படியும், வங்கிகளும் வாலட் நிறுவனங்களும் வாடிக்கையாளர் யார் என்று தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதாது. இடர் அதிகம் எனக் கருதப்படுவோருக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நடுத்தரமானோருக்கு 8 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், குறைந்த இடர் உள்ளோருக்கு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். கொடுத்த விவரங்களில் சந்தேகம் எழுந்தால் இடையிலும் கேட்கலாம். கேட்காமல் விட்டால் நிறுவனத்துக்குத்தான் தண்டனை. 2023 அக்டோபரில் பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்குக்கு ரிசர்வ் வங்கி 5.39 கோடி ரூபாய் அபராதம் விதித்ததற்கான காரணங்களில் கேஒய்சி விதிமீறலும் ஒன்று. முடக்காமல் விட்டதற்கு அபராதம் வரும், தேவையின்றி முடக்கியதற்கு அபராதம் வருவது அரிது என்ற நிலையில், ஐயம் வந்தவுடன் கணக்கைப் பூட்டிவிடுவதே நிறுவனங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. அதன் சுமை உங்களைப் போல அன்றாட வரவில் தொழில் நடத்துபவர்கள் மேல் விழுகிறது என்பதை, வங்கியில் இதே சரிபார்ப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் அதே விதிகள் வாடிக்கையாளருக்கும் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலானவர்கள் கேட்டுப் பெறுவதில்லை. பான் விவரம் தரவில்லை என்பதற்காக ஒரு கணக்கின் இயக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் முன், வாடிக்கையாளருக்குப் புரியும்படியான அறிவிப்பையும், தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பையும் நிறுவனம் தர வேண்டும். குறித்த காலத்தில் செய்ய வேண்டிய புதுப்பிப்பாக இருந்தால், கெடு முடிவதற்கு முன் குறைந்தது மூன்று முறையும், முடிந்தபின் குறைந்தது மூன்று முறையும் நினைவூட்ட வேண்டும். ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றாவது தபால் கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூன் மாதத் திருத்தம் சொல்கிறது. 2026 ஜனவரி 1-க்குள் இதை நடைமுறைப்படுத்துமாறும் அதில் கூறப்பட்டது. உங்களுக்கு வந்தவை இரண்டு குறுஞ்செய்திகள் மட்டும்தான் என்றால், அதைத் தேதியோடு எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்தச் செய்திகளை மோசடி என்று நினைத்து ஒதுக்கியதற்காக உங்களைக் குறைசொல்ல மாட்டேன். அதே சொற்களில் மோசடிக்காரர்களும் செய்தி அனுப்பும் காலத்தில், தபாலில் வரும் கடிதம் ஏன் தேவை என்பதற்கு உங்கள் அனுபவமே சான்று.

இனி, சிக்கலின் வேருக்கு வருவோம். உங்கள் பெயரை இங்கே வெளியிட விரும்பவில்லை. கயல்விழி என்றும் தந்தையார் முத்தையா என்றும் வைத்துக்கொள்வோம். நம் வழக்கத்தில் ஒருவருக்கு இருப்பது ஒரே பெயர். தந்தை பெயரின் முதலெழுத்து அதற்கு முன்னால் ஓர் அடையாளமாக நிற்கும், அவ்வளவே. குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை. ஆனால் பான் விண்ணப்பம் முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்களை வைத்துக்கொண்டு, கடைசிப் பெயரில் வெறும் முதலெழுத்தை ஏற்க மறுக்கிறது. ஆகவே முகவர் கடைசிக் கட்டத்தில் தந்தையின் முழுப்பெயரை எழுதிவிடுகிறார்; நீங்கள் 'கயல்விழி முத்தையா' ஆகிவிடுகிறீர்கள். ஆதார் எடுத்த முகாமில் இருந்தவர் ரேஷன் அட்டையைப் பார்த்துக் 'கயல்விழி எம்' என்று பதிந்திருப்பார். திருமணத்துக்குப் பின் வங்கிக்குப் போனபோது யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு 'எஸ். கயல்விழி' என்று கொடுத்திருப்பீர்கள். போதாக்குறைக்கு, உங்கள் பெயரில் இருக்கும் ழகரத்தை ஆங்கிலத்தில் ஓர் ஆவணம் இரண்டெழுத்தால் எழுதியிருக்கும், இன்னோர் ஆவணம் லகரத்துக்குரிய ஒற்றை எழுத்தால் எழுதியிருக்கும். கோவில்பட்டியில் உங்களைத் தெரிந்த எவருக்கும் இவை எல்லாம் ஒருவரே; இரண்டு எழுத்துச் சரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களிடம் இந்தச் சிக்கலை நான் அடிக்கடி பார்க்கிறேன், இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. இருந்தும் திருத்தும் வேலை உங்கள் கையில்தான் வந்து நிற்கிறது.

திருத்தத்தை எங்கே தொடங்குவது என்பதில் பலரும் தவறு செய்கிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒருமுறைதான் மாற்ற முடியும். ஆகவே அவசரத்தில் ஓடிப்போய் எதையாவது மாற்றி, அது வேறோர் ஆவணத்தோடு மோதினால், அந்த வாய்ப்புகளில் ஒன்று வீணாகும். என் ஆலோசனை, பானில் இருக்கும் வடிவத்தையே நிலையான வடிவமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு சேர்த்துவிடுங்கள் என்பதுதான். பான் முதலெழுத்தை ஏற்காது. பாஸ்போர்ட் எடுத்தால் அதுவும் பெயரை விரித்துத்தான் எழுதச் சொல்லும். ஆகவே ஆதாரில் 'எம்' என்பதை 'முத்தையா' என்று விரிப்பதே குறைந்த அலைச்சல். அதற்கு முன் பானில் ஆங்கில எழுத்துக்கூட்டல் உங்கள் பள்ளிச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருக்காவிட்டால் பானை முதலில் திருத்தி, அது கைக்கு வந்தபின் ஆதார் சேவை மையத்துக்குச் செல்லுங்கள். அப்போதே பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும். பள்ளிச் சான்றிதழிலோ சேர்க்கையின்போது தலைமையாசிரியர் எழுதிய தேதி இருக்கும். பெயர் பொருந்தினாலும் தேதி பொருந்தாமல் மறுபடியும் நிராகரிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் வருமான வரித் துறையின் வலைத்தளத்தில் சரிபார்த்துவிடுங்கள். ஆதாரோடு இணைக்கப்படாத பான், விலக்கு பெற்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, 2023 ஜூலை 1 முதல் செயலிழந்ததாகக் கருதப்படுகிறது. உங்கள் பான் செயலிழந்திருந்தால், பெயர் பொருந்தினாலும் சரிபார்ப்பு தேறாது. அப்படியிருந்தால் 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைக்க வேண்டும். ஆனால் அந்த இணைப்புக்கும் இரண்டிலும் உள்ள பெயர் பொருந்த வேண்டும் என்பதால், நான் மேலே சொன்ன திருத்தமே முதல் வேலை ஆகிறது.

வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து இருப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. திருமணமானால் பெண் தன் முதலெழுத்தை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றாமல் இருந்திருந்தால் இந்த மூன்றாவது பெயர் வந்திருக்காது. புதிய ஆதார் கைக்கு வந்ததும் அதை வங்கிக் கிளையில் கொடுத்துத் தந்தை பெயருக்கே திரும்பிவிடலாம். கணவர் பெயரோடுதான் இருக்க விரும்புகிறீர்கள் என்றால் அதற்கும் வழி உண்டு: ஆவணம் வழங்கப்பட்ட பின் பெயர் மாறியிருந்தாலும், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ அந்த மாற்றத்தைக் காட்டினால், பழைய ஆவணத்தையே செல்லத்தக்கதாக ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கூறுகிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பதால், உங்களிடம் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் இருக்கக்கூடும். திருத்தங்கள் முடிய வாரங்கள் ஆகலாம். அதுவரை காத்திராமல், அந்தச் சான்றிதழை இப்போதே நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள்.

வீடியோ சரிபார்ப்பு நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம் சொல்லவில்லை என்று தெரிகிறது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆதாரில் இருக்கும் படம் பத்து ஆண்டுப் பழையது என்றால் முக ஒப்பீடு தவறுவது இயல்பு. ஆதார் மையத்துக்குப் பெயர் திருத்தப் போகும்போதே படத்தையும் புதுப்பித்துவிடுங்கள். அழைப்பின்போது சன்னலைப் பார்த்து உட்காருங்கள், அசல் பான் அட்டையைக் கையில் வைத்திருங்கள். கண் இமைக்கச் சொல்லும் சோதனையால் பார்வையற்றவர்களும் அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் கணக்குத் தொடங்கவே முடியாமல் போன கொடுமையை, 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்து, அனைவரும் அணுகக்கூடிய மாற்று வழிகளை ஏற்படுத்த உத்தரவிட்டது. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அத்தகைய சிரமம் உள்ளவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். நீங்களும் வீடியோ வழி மட்டுமே என்று நிற்காமல், நேரில் வந்து சரிபார்க்கும் வாய்ப்பைக் கேட்கலாம்.

இப்போது கடிதம். செயலியில் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்ததெல்லாம் புகாராகக் கணக்கில் சேராமல் போகக்கூடும். நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு, அதாவது நோடல் அலுவலருக்கு, மின்னஞ்சலாகவும் பதிவுத் தபாலாகவும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். அதில் கணக்கு முடங்கிய தேதி, இருப்புத் தொகை, நீங்கள் பதிவேற்றிய ஆவணங்கள், ஒவ்வொரு முறையும் திரையில் வந்த செய்தியின் சொற்கள், அவற்றின் படங்கள் ஆகியவை இருக்கட்டும். அதன்பின் கீழ்க்காணும்படி எழுதலாம்:

'மேற்கண்ட மூன்று ஆவணங்களிலும் உள்ள பெயர்கள் ஒருவரையே, அதாவது என்னையே குறிக்கின்றன. தந்தை பெயர் முதலெழுத்தாகவும் முழுமையாகவும் எழுதப்பட்டதே வேறுபாட்டுக்குக் காரணம். திருமணச் சான்றிதழை இணைத்துள்ளேன். கணக்கு எந்த விதியின்கீழ், எந்தக் குறைபாட்டுக்காக நிறுத்தப்பட்டது, முன்னறிவிப்பு எந்தத் தேதிகளில் எந்த வழியில் அனுப்பப்பட்டது, எந்த ஆவணத்தைத் தந்தால் அது நீங்கும் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். நேரில் சரிபார்க்க வாய்ப்புத் தருக. கணக்கைத் தொடர இயலாது எனில், அதை முடித்து இருப்புத் தொகையை என் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பிவைக்கக் கோருகிறேன்.'

ஆதார் நகலை இணைக்கும்போது, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலையே பதிவிறக்கி இணையுங்கள். ஆதார்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையொப்பமிட்ட நூறுநாள் வேலை அட்டை ஆகியவையும் ஏற்கத்தக்க ஆவணங்களே என்று எழுதுங்கள்.

வாலட் நிறுவனங்கள் புகார்களை இயன்றவரை 48 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் முறையிடலாம். 2021 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை; ரிசர்வ் வங்கியின் புகார் வலைவாசல் வழியாகவே பதியலாம், 14448 என்ற எண்ணில் விளக்கமும் கேட்கலாம். நிறுவனத்துக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் முறையீடு தள்ளுபடியாகும் என்பதால்தான், முதல் கடிதத்தின் தேதிக்கும் தபால் ரசீதுக்கும் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன்.

உங்கள் கணக்கு முடங்கியதற்குப் பெயர்ப் பொருத்தமின்மை தவிர வேறு காரணமும் இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பல ஊர்களிலிருந்து பலர் சிறு தொகைகளாக அனுப்புவது, தனிநபர் கணக்கில் பார்ப்பதற்குச் சந்தேகமாகத் தோன்றும். சந்தேகப் பரிவர்த்தனை என்று நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது சட்டம். வாடிக்கையாளர் சேவையில் மழுப்பலான பதில் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அறிக்கை அனுப்பியதை மட்டுமே காரணமாகக் கொண்டு கணக்கின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி தெளிவாகக் கூறியிருக்கிறது.

மூன்றாவதாக, உங்களுக்குப் பணம் அனுப்பிய யாரோ ஒருவரின் கைக்கு மோசடிப் பணம் வந்திருந்து, அந்தச் சங்கிலியைத் தொடர்ந்து வந்த காவல்துறை உங்கள் கணக்கை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுவனத்தின் பதிலில் 'லீன்' (தொகையை நிறுத்திவைத்தல்), 'சைபர் கிரைம்' அல்லது ஏதாவதொரு புகார் எண் இருந்தால் அது இந்த வகை. அப்போது எத்தனை ஆவணம் கொடுத்தாலும் நிறுவனத்தால் திறக்க முடியாது. எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு வாங்கி, அந்தப் பணம் எந்தத் துணிக்காக வந்தது என்பதற்கான ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றோடு அந்த நிலையத்துக்கு எழுத வேண்டும். கணக்கு முழுவதையும் முடக்குவது வாழ்வாதாரத்தைப் பாதிக்கும் என்று கூறி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அனுமதித்திருக்கிறது. அந்த நிலை வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

கடைசியாக, கணவர் கணக்கைப் பற்றி. வேண்டாம். உங்கள் தொழில் வரவு அவர் கணக்கில் விழத் தொடங்கினால் அவருடைய கணக்கும் இதே கேள்விகளுக்கு உள்ளாகும். வருமானம் யாருடையது என்ற வரிச் சிக்கலும் சேரும். உங்கள் உழைப்பு உங்கள் பெயரில் பதிவாகாமல் போவதும் எனக்கு உவப்பானதல்ல. அதே வாலட்டில் வேறொரு எண்ணைக் கொண்டு இரண்டாவது கணக்கு தொடங்குவதும் வேண்டாம். பான் எண் ஒன்றே என்பதால் அதுவும் பூட்டப்படும். அதற்கு மாறாக, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசின் தளத்தில் நீங்களே கட்டணமின்றிச் செய்துகொண்டு, அந்தச் சான்றிதழோடு உங்கள் வங்கிக் கிளைக்குப் போய்த் தொழிலுக்கென ஒரு நடப்புக் கணக்கைத் தொடங்குங்கள். ஆதார் திருத்தம் முடிந்த பிறகு இதைச் செய்வது நல்லது. நான்காவதாக ஒரு பெயர் வடிவம் பதிவாகிவிடக் கூடாது. அதுவரை வாடிக்கையாளர்களிடம் ஏற்கெனவே உள்ள உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு தையல் வேலைக்கும் தேதி, பெயர், தொகை எழுதிய ஒரு சிறு ரசீதுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோடல் அலுவலரிடமிருந்து வரும் பதிலை, உங்கள் ஆதார், பான் எண்களை மறைத்துவிட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்கு அனுப்பிவையுங்கள். 30 நாட்கள் கழிந்தும் எதுவும் வரவில்லை என்றாலும் எழுதுங்கள். குறைதீர்ப்புத் திட்டத்துக்கான முறையீட்டை உங்களோடு சேர்ந்து எழுதித் தருகிறேன்.